நாயைப் பூனை துரத்துது

காலை எட்டே முக்காலுக்கே வராந்தா நிரம்பிவிட்டது. தென் மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவமனை. குழந்தைகள் வார்டைத் தாண்டி, மருந்துக் கிடங்குக்கு எதிரே, மஞ்சள் சுவரில் யானையும் கிளியும் வரைந்த ஒரு சின்னக் கட்டடம். மாவட்ட இடையீட்டு சேவை மையம் என்று பலகையில் இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் டி.இ.ஐ.சி. என்று சொன்னால்தான் சரியாகக் கொண்டுபோய் விடுகிறார். 2013-ல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தில் வந்தவை இந்த மையங்கள். பிறந்த குழந்தை முதல் 18 வயதுப் பிள்ளை வரை இங்கே வரலாம். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் போகும் மருத்துவக் குழு, சந்தேகம் வந்த பிள்ளைகளுக்குச் சீட்டு எழுதி இங்கே அனுப்புகிறது.

ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டிருந்தேன். பிள்ளைகள் பெயரோ ஊரோ எழுதக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்று சொல்லி உள்ளே விட்டார்கள்.

எனக்குப் பக்கத்தில் ஒரு ஆச்சி. மடியில் மூன்றரை வயதுப் பேரன். கையில் பிளாஸ்டிக் பை, அதற்குள் தண்ணீர் பாட்டில், மாற்றுச் சட்டை, முறுக்குப் பொட்டலம். பேச்சுக் கொடுத்தேன்.

"மூணரை வயசாச்சு ஐயா. வாயத் தொறக்க மாட்டேங்கான். ஆனா எல்லாம் புரியும். சொன்னா செய்வான். நாக்குலதான் ஏதோ இருக்கு. வசம்பு ஒரசி வச்சும் பாத்தாச்சு. செந்தூருக்கு நேந்திருக்கோம். குமரகுருபர சாமியே அஞ்சு வயசு வரைக்கும் பேசலதான?"

ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்து, ஐந்து வயது வரை ஊமையாக இருந்து, திருச்செந்தூர் சந்நிதியில் வாய் திறந்து பாடிய குமரகுருபரர் கதை இந்தப் பக்கத்து வீடுகளில் தாலாட்டு மாதிரிப் புழங்குவது. செந்தூருக்குப் போகட்டும், வேண்டிக்கொள்ளட்டும். அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த 'அஞ்சு வயசு' என்ற கணக்கு ஒன்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அதுவரை பொறுக்கலாம் என்று எத்தனையோ வீடுகளில் பொறுத்திருக்கிறார்கள்.

பையனைக் கூப்பிட்டார்கள். நானும் பின்னால் போனேன்.

பேச்சுப் பயிற்சி அறை பத்துக்குப் பத்துதான் இருக்கும். தரையில் பாய். ஒரு துணிப்பை நிறைய சாமான்: டம்ளர், கரண்டி, சீப்பு, துணிப் பொம்மை, பந்து, சோப்புக் குமிழி ஊதுகிற டப்பா, ஒரு சின்னக் கொட்டு. இந்த மையத்துக்கு ஒரே பயிற்சியாளர்தான். தாய்மார்கள் அவரை மேடம் என்கிறார்கள், பேச வந்துவிட்ட பிள்ளைகள் மிஸ் என்கிறார்கள். அவர் மேசையில் உட்காரவில்லை. பாயில் சம்மணம் போட்டு, பையனுடைய கண் மட்டத்துக்குக் குனிந்துகொண்டார். முதல் பத்து நிமிடம் ஒரு கேள்வியும் இல்லை. குமிழி ஊதினார். பையன் கையைத் தட்டினான். ஊதுவதை நிறுத்தினார், காத்திருந்தார். அவன் டப்பாவைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான், மறுபடி டப்பாவைப் பார்த்தான். சோதனை அப்போதே தொடங்கிவிட்டது என்று பிற்பாடுதான் எனக்கு விளங்கியது. வேண்டுமென்றதை இன்னொருவர் முகம் பார்த்துக் கேட்கிறானா என்பதுதான் அவர் முதலில் குறித்துக்கொண்ட விஷயம்.

"தம்பி, பந்த எடு." சொல்லிக்கொண்டே பந்தைப் பார்த்தார், கையையும் நீட்டினார். எடுத்துக் கொடுத்தான். ஆச்சிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நான் சொல்லலியா, எல்லாம் புரியும்."

அடுத்ததாக அவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். பார்வையைப் பையன் முகத்திலேயே நிறுத்திக்கொண்டார். சாமான்கள் பக்கம் கண்ணே போகவில்லை. குரலும் அதே குரல்தான். "பொம்மைக்குச் சீப்பக் குடு."

பையன் அவர் கையைப் பார்த்தான். கை எதையும் காட்டவில்லை. கண்ணைப் பார்த்தான். கண்ணும் காட்டவில்லை. பந்தை எடுத்து நீட்டினான்.

"டம்ளர் எங்க?" மறுபடி பந்து.

"சீப்பு?" எழுந்துபோய் ஆச்சியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டான்.

அறையில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. ஆச்சி மெதுவாகக் கேட்டார்: "அப்ப வீட்ல சாப்பிட வாடான்னா வாரானே?"

"தட்டு சத்தம் கேட்டு வாரான் ஆச்சி. நீங்க அடுப்படிக்குப் போறதப் பாத்து வாரான். கெட்டிக்காரப் பிள்ளை. கண்ணால பாத்தே ஒப்பேத்திட்டு வந்திருக்கான். ஆனா சொல்லு இன்னும் உள்ள போகல. அதான் வெளிய வரல."

நாம் பேசாத பிள்ளையைப் பார்த்தால் நாக்கைத்தான் பார்க்கிறோம். அடிநாக்கு ஒட்டியிருக்கிறதா, தடித்திருக்கிறதா, தொண்டையில் ஏதாவதா என்று பார்க்கிறோம். நாக்கு ஒட்டியிருந்தால் சில எழுத்து தேயலாமே தவிர, அதனால் ஒரு பிள்ளை ஒரு சொல்லும் பேசாமல் இருந்துவிடாது. 'வாழைப்பழம்' என்று வராமல் 'வாலப்பலம்' என்று மழலையில் சொல்வதும், திக்குவதும் பேச்சின் பாற்பட்டவை. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் உண்டு என்று தெரிவதும், சொற்களைக் கோத்து ஒரு நினைப்பை இன்னொருவர் மனத்துக்குள் போட முடிவதும், அவர் கோத்ததை அவிழ்த்துப் புரிந்துகொள்வதும் மொழி. பேச்சு காதில் விழும். மொழியில் இருக்கிற ஓட்டையை இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது.

பையனுடைய அம்மா சற்றுப் பின்னால் வந்து சேர்ந்தார். அவரிடம் பயிற்சியாளர் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பிறந்ததும் அழுதானா, மஞ்சள் காமாலை இருந்ததா, எத்தனை நாள் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஆறேழு மாதத்தில் 'பாபாபா', 'தாதாதா' என்று தொடர்ந்து சத்தம் போட்டானா. ஒரு வயதுக்குள் பெயரைச் சொன்னால் திரும்பினானா, கையால் சுட்டிக் காட்டினானா. இரண்டு வயதில் 'அப்பா போ', 'பால் வேணும்' என்று இரண்டு சொல்லைச் சேர்த்தானா. சொல்லிக்கொண்டிருந்த சொற்கள் இடையில் எப்போதாவது நின்றுபோனதா என்ற கேள்விக்கு மட்டும் பேனாவை நிறுத்திவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். வந்த பேச்சு நின்றுபோவது எந்த வயதில் நடந்தாலும் அன்றைக்கே ஓடிவர வேண்டிய விஷயம் என்றார். ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேரவில்லை என்றாலும் காத்திருக்க வேண்டாம், காட்டிவிட வேண்டும். தாமதமாகப் பேசும் பிள்ளைகளில் பலர் தாமாகவே எட்டிப் பிடித்துவிடுகிறார்கள் என்பது உண்மைதான். யார் எட்டிப் பிடிப்பார், யார் பின்தங்குவார் என்று இரண்டு வயதில் யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்பதும் அதே அளவு உண்மை.

எதற்கும் முன்னால் காது. பேச்சு வராத ஒவ்வொரு பிள்ளையையும் முதலில் காது பார்க்கத்தான் அனுப்புகிறார்கள். பக்கத்து அறையில் பெரா என்ற செவித்திறன் சோதனை. பிள்ளை தூங்க வேண்டும், அதனால் முந்தின இரவு சரியாகத் தூங்கவிடாமல் கூட்டிவரச் சொல்லியிருப்பார்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டிய ஒயர்களோடு ஒரு பெண்குழந்தை அம்மா மடியில் உறங்க, திரையில் ஒரு கோடு நெளிந்துகொண்டிருந்தது. பிறந்த ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது காது விஷயத்தில் உலகம் முழுக்கச் சொல்லும் கணக்கு. அந்தக் குழந்தைக்கு இரண்டு வயது. காது கேளாத சின்னக் குழந்தைகளுக்கு உட்செவிக் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சையை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே செய்கிறார்கள், ஏழை வீட்டுக்கு இது பெரிய கொடை. ஆனால் கருவி ஒலியைத்தான் தரும். அந்த ஒலி சொல்லாக மாற மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பயிற்சிக்கு வர வேண்டும். பாதியில் நின்றுவிடுகிறவர்கள் உண்டு என்று சொன்னபோது பயிற்சியாளரின் குரல் தாழ்ந்துபோனது. பஸ் செலவும் ஒரு நாள் கூலியும்தான் காரணம்.

நம் பையனுக்குக் காது நன்றாக இருந்தது.

பதினொன்றரை மணிக்கு ஒரு சிறுமி வந்தாள். ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு, தனியார் ஆங்கில வழிப் பள்ளி. இரட்டைச் சடை, நெற்றியில் சாந்துப் பொட்டு. இவள் பேசுகிறாள். 'ட்விங்கிள் ட்விங்கிள்' முழுசாகச் சொன்னாள். ஏ முதல் இசட் வரை சொன்னாள். பின் எதற்கு இங்கே என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பயிற்சியாளர் இரண்டு அட்டைகளைப் பாயில் வைத்தார். ஒன்றில் நாய் முன்னால் ஓட, பூனை பின்னால் விரட்டுகிறது. இன்னொன்றில் பூனை முன்னால், நாய் பின்னால்.

"பூனைய நாய் துரத்துது. எது?"

நாய் முன்னால் ஓடும் படத்தைத் தொட்டாள்.

"பூனை நாயத் துரத்துது. எது?"

அதே படம்.

வரிசையை மாற்றினார். "நாயப் பூனை துரத்துது." இந்த முறை மற்ற படம். "நாய் பூனையத் துரத்துது." அதே மற்ற படம்.

எந்தச் சொல் முதலில் வருகிறதோ அதுதான் விரட்டுகிறது என்று எடுத்துக்கொள்கிறாள். தமிழில் சொற்களை எப்படிப் புரட்டிப் போட்டாலும் வாக்கியம் கலையாது. யார் யாரை என்று சொல்வது அந்தக் குட்டி 'ஐ'தான், பேச்சில் அது பாதி தேய்ந்து ஒரு அகரமாக ஒலிக்கும். 'க்கு', 'ல', 'ஓட', 'கிட்ட' எல்லாம் அப்படித்தான். வாக்கியத்தின் அச்சாணி அத்தனையும் சொல்லின் வாலில் இருக்கிறது. தமிழ்க் குழந்தைகள் இந்த வால்களை எவ்வளவு சின்ன வயதிலேயே எவ்வளவு குறைந்த பிழையோடு பிடித்துக்கொள்கிறார்கள் என்பதைப் பரிமளா ராகவேந்திராவும் லாரன்ஸ் லியோனர்டும் 1989-ல் ஒரு ஆய்விதழில் எழுதியிருக்கிறார்கள். இரண்டு வயதுப் பிள்ளை 'அம்மாட்ட போறேன்' என்று சொல்வதை நாம் ஒரு பொருட்டாகவே எண்ணுவதில்லை. அது எத்தனை பெரிய வேலை என்பது, அது வராத இந்தச் சிறுமியைப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது.

காது கேட்கிறது, அறிவு நன்றாக இருக்கிறது, ஆட்டிசம் இல்லை, மூளையில் அடிபடவில்லை. ஆனாலும் மொழி மட்டும் பின்தங்கி, வளர்ந்த பிறகும் தொடர்கிறது என்றால் அதற்கு மொழி வளர்ச்சிக் குறைபாடு என்று பெயர். முன்பு ஆளுக்கொரு பெயர் வைத்துக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். 2016, 2017 ஆண்டுகளில் டாரதி பிஷப் என்ற இங்கிலாந்து உளவியலாளர் பல நாட்டு வல்லுநர்களிடம் கருத்துக் கேட்டு ஒரே பெயருக்கு வழி செய்தார். 2016-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வு, இங்கிலாந்தில் பள்ளியில் சேரும் பிள்ளைகளில் 7 சதவீதத்துக்கும் சற்று மேற்பட்டவர்களுக்கு இது இருப்பதாகச் சொன்னது. 30 பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர். ஆட்டிசம் என்ற சொல்லை இன்று நம் ஊர்களில் பலர் கேள்விப்பட்டிருக்கிறார்கள், அது நல்லதுதான். அதைவிட அதிகமான பிள்ளைகளைப் பிடித்திருக்கும் இந்தக் குறையின் பெயர் ஆசிரியர்களுக்கே தெரியவில்லை. பெற்றவர் வளர்ப்பால் வருவதில்லை இது. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கும் இருக்க வாய்ப்பு கூடும்.

சிறுமியின் அம்மா வீட்டில் பூக் கட்டுபவர். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். பயிற்சியாளர் கேட்டார்: "வீட்ல பாப்பாகூட என்னம்மா பேசுவீங்க?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டார். "ஸ்கூல்ல சொன்னாங்க மேடம். பிள்ளை பின்தங்கி இருக்கா, வீட்ல இங்கிலீஷ்ல மட்டும் பேசுங்கன்னு. எனக்கு இங்கிலீஷ் வராது. அவ அப்பா கம், சிட், ஈட்டுன்னு ரெண்டு வார்த்தை சொல்லுவாரு. நான் தப்பாப் பேசிக் கெடுத்துரக் கூடாதுன்னு பேசறதயே கொறச்சிட்டேன்."

எப்போதிருந்து என்று கேட்டதற்கு, எல்.கே.ஜி.யிலிருந்து என்றார். இரண்டு வருடம்.

நான் எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடிவைத்தேன். ஒரு தாய்க்குத் தன் மகளிடம் பேசக் கூச்சம் உண்டாக்கிய அந்த அறிவுரையை யார் எந்த அறிவில் கொடுத்தார்களோ. இரண்டு மொழி காதில் விழுவதால் பிள்ளைக்கு மொழிக் குறைபாடு வருவதில்லை. குறைபாடு இருக்கிற பிள்ளைக்கும் வீட்டு மொழியை நிறுத்துவதால் இன்னொரு மொழி சீக்கிரம் வந்துவிடுவதில்லை. இது உலகம் முழுவதும் பார்த்துச் சொன்ன விஷயம். அந்தச் சிறுமிக்கு நாளெல்லாம் வாக்கியம் வாக்கியமாக, கோபமாக, செல்லமாக, கதையாக, பழமொழியாகக் கொட்டித்தர ஒரே ஒருவரால்தான் முடியும். அவர் வாயை அடைத்துவிட்டார்கள்.

பயிற்சியாளர் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க பூக் கட்டறப்ப பாப்பா எங்க இருப்பா?"

"போன்ல ஏதாவது பாத்துட்டு இருப்பா."

"நாளைலருந்து உங்க பக்கத்துல உக்காரட்டும். நாரை அவ கையில குடுங்க. நீங்க என்ன செய்றீங்களோ அதச் சொல்லிக்கிட்டே கட்டுங்க. இது என்ன, அது என்னன்னு கேள்வி கேக்காதீங்க. பரீட்சை வேணாம். நீங்க சொல்லுங்க, போதும்."

பிறகு பையிலிருந்து கொஞ்சம் காகிதப் பூவும் நூலும் எடுத்து அங்கேயே செய்துகாட்டினார். "அம்மாவுக்கு ஒரு பூ குடு. ம், அம்மாவுக்குக் குடுத்தா பாப்பா. இப்ப பாப்பாவுக்கு அம்மா குடுக்குறேன்." ஒவ்வொரு 'க்கு'வும் வரும் இடத்தில் பூ கை மாறியது. சிறுமி "பூ" என்றால், அவர் "வெள்ளைப் பூ" என்றார். "வெள்ளைப் பூ" என்றால் "வெள்ளைப் பூவ நூல்ல வைக்கிறோம்" என்றார். பிள்ளை சொன்னதை விட்டுவிடாமல் ஒரு படி மட்டும் கூட்டிச் சொன்னார். தப்பாகச் சொன்னபோது தப்பு என்று சொல்லவில்லை, சரியாகத் தான் ஒரு முறை சொல்லிவிட்டு நகர்ந்தார். ஒவ்வொன்றுக்கும் பிறகு வாயை மூடிக்கொண்டு, மனத்துக்குள் ஐந்து எண்ணுகிற நேரம் காத்திருந்தார். அந்த ஐந்து எண்ணும் பொறுமைதான் நம்மில் பெரும்பாலோருக்கு இல்லாதது.

பிறகு அம்மாவின் முறை. முதலில் கூச்சப்பட்டார். பிச்சி, கேந்தி, அரளி என்று தன் தொழிலின் சொற்கள் வந்ததும் குரல் திறந்துகொண்டது. "ரெண்டு பூவு இந்தப் பக்கம், ரெண்டு பூவு அந்தப் பக்கம், இப்ப ஒரு முடி போடுவமா?" என்றார். "முடி போடு" என்றாள் மகள். அந்த அம்மாவிடம் தமிழ் எவ்வளவு இருக்கிறது என்று நான் பார்த்தேன். முழம், கண்ணி, சரம், உதிரி, மொட்டு, வாடினது, மலர்ந்தது. எந்தப் பயிற்சி அட்டையிலும் இவ்வளவு கிடையாது.

போனைப் பற்றியும் பேச்சு வந்தது. போன் பார்ப்பதால்தான் மொழிக் குறைபாடு வருகிறது என்று சொல்லிப் பெற்றோரைக் குற்றவாளி ஆக்குவதில் பயிற்சியாளருக்கு உடன்பாடு இல்லை. ஆனால் போன் ஓடுகிற நேரத்தில் வீட்டில் யாரும் பிள்ளையோடு பேசுவதில்லை, இழப்பு அதுதான் என்றார். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன அளவு, இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், இரண்டு வயதுக்குள் அறவே வேண்டாம் என்பது.

மதியத்துக்குப் பிறகு வந்தவர்கள் எல்லோருமே ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள். 18 வயதுவரை என்று திட்டத்தில் இருக்கிறதே, பெரிய பிள்ளைகள் வருவதில்லையா என்று கேட்டேன். "வர மாட்டாங்க சார். அந்த வயசுல அவங்களுக்கு வேற பேரு வச்சிருப்பாங்க. மக்கு, திமிரு, சோம்பேறி. அதுக்கெல்லாம் யாரும் சீட்டு எழுதி அனுப்பறது இல்ல."

அந்த வரியோடு வீட்டுக்கு வந்தேன். இரவு தூக்கம் வரவில்லை.

எனக்கு ஒரு தம்பி. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நான்காம் வகுப்பில் ஒருநாள் ஆசிரியர் அவனிடம், "அஞ்சாம் கிளாஸ்ல போய் டஸ்டரக் குடுத்துட்டு, வர்றப்ப ஹெட்மாஸ்டர் ரூம்ல இருந்து அட்டெண்டன்ஸ வாங்கிட்டு வா" என்றார். அவன் டஸ்டரைத் தலைமையாசிரியர் மேசையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினான். வகுப்பே சிரித்தது, முழங்கையில் பிரம்படி. இது ஒருநாள் கதை இல்லை. சொல்வது நீளமாகப் போனால் அவனுக்கு நடுவில் அறுந்துவிடும். வீட்டில் நாங்களும் 'கவனமே இல்ல' என்றோம், நானும் சொல்லியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றான். இன்றைக்கு லேத் பட்டறையில் அவன் கைக்குப் பழுது சொல்ல ஆளில்லை. போனில் மட்டும் "ம்" என்பான், மீதியை அவன் மனைவிதான் பேசுவாள்.

இரண்டு நாள் கழித்து, ஒன்றியத்துப் பள்ளிகளுக்குச் சுற்றில் போகும் சிறப்புப் பயிற்றுநர் ஒருவரோடு அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றுக்குப் போனேன். நூலகத்தின் ஒரு மூலையில் பெஞ்சு போட்டிருந்தார்கள். எட்டாம் வகுப்பு மாணவன், பதிமூன்று வயது. மீசை அரும்பும் முகம். வணக்கம் சொன்னான், பிறகு தரையையே பார்த்தான். அறிவியல் வினாத்தாள் ஒன்று மேசையில் இருந்தது. முதல் கேள்வியை அவனே எழுத்துக் கூட்டாமல் படித்தான்.

"பின்வருவனவற்றுள் பொருந்தாததைத் தேர்ந்தெடுத்து எழுதுக."

கீழே இரும்பு, செம்பு, கந்தகம், அலுமினியம் என்று நான்கு சொற்கள். பதில் இல்லை. பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினான்.

பயிற்றுநர் தாளைத் திருப்பி வைத்தார். "கீழ நாலு பேரு இருக்கு. மூணு ஒரே ஜாதி. ஒண்ணு மட்டும் சேராது. எது?"

"கந்தகம். மத்தது எல்லாம் உலோகம்." கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

அந்த ஒரு வாக்கியத்தைப் பாருங்கள். பின், வருவன, அவற்றுள். பொருந்தாதது, ஐ. தேர்ந்து, எடுத்து. நாம் பேசும் தமிழில் இவற்றில் பெரும்பாலானவை இந்த வடிவில் இல்லை. எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளும் பள்ளிக்குப் போன பிறகு எழுத்துத் தமிழை இன்னொரு மொழி போலக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது, பெரும்பாலோர் கற்றும் விடுகிறார்கள். பேச்சுத் தமிழின் வால்களையே தட்டுத் தடுமாறிப் பிடித்த பிள்ளைக்கு இது மதில்சுவர். இந்தப் பையனுக்கு அறிவியல் தெரியும், கேள்வி தெரியவில்லை. கணக்கிலும் அப்படியே. கூட்டல் பெருக்கல் மளமளவென்று போடுகிறான், 'ராமு தன்னிடம் இருந்ததில் பாதியைத் தங்கைக்குக் கொடுத்தபின்' என்று தொடங்கினால் நின்றுவிடுகிறான். பதின்வயதில் இது நட்பிலும் கை வைக்கிறது. கிண்டலைக் கிண்டல் என்று அவன் எடுத்துக்கொள்வதற்குள் மற்றவர்கள் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். சண்டை நடந்தால் என்ன நடந்தது என்று முதலிலிருந்து கோர்வையாகச் சொல்ல வராது. அதனால் பழி எப்போதும் அவன் மேல்தான். பிறகு பேசுவதையே விட்டுவிடுகிறார்கள் என்றார் பயிற்றுநர். நான் தம்பியை நினைத்துக்கொண்டேன்.

சான்றிதழ் வாங்கலாமே என்று கேட்டேன். அங்கேதான் முடிச்சு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் 'பேச்சு, மொழிக் குறைபாடு' என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அதன் விளக்கத்தில் வருவது குரல்வளை நீக்கமும், மூளைப் பாதிப்பால் பேச்சிழப்பும் போன்ற நிரந்தரக் குறைகள்தான். பிறந்ததிலிருந்து மொழி மெல்ல மெல்லத் தடுமாறும் பிள்ளைக்கு அந்த வாசல் பொருந்தாது. 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்ற இன்னொரு வாசலின் விளக்கத்தில் பேச்சு மொழியைக் கையாளுவதில் வரும் சிரமமும் சேர்ந்திருக்கிறது. ஆகவே அந்த வழியாகத்தான் நுழைய வேண்டும். 2018-ல் வந்த வழிகாட்டுதல் அதற்கான சான்றிதழை எட்டு வயதுக்கு மேல்தான் தரச் சொன்னது. அது கிடைத்தால் பொதுத் தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. பெரிய உதவிதான். மூன்று வயதில் தொடங்கும் சிரமத்துக்கு எட்டு வயதில் திறக்கும் கதவு என்பதை நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது. சட்டத்தின் விளக்கத்தில் இரண்டு வரி சேர்த்தால் தீரும் காரியம் இது. சேர்க்கத்தான் வேண்டும்.

பயிற்றுநர் அவனோடு செய்வது எளிய வேலை. கேள்வியில் வரும் கட்டளைச் சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிடச் சொல்கிறார். 'பொருத்துக', 'வேறுபடுத்துக', 'விளக்குக' ஒவ்வொன்றுக்கும் அவன் பேச்சில் அவனே ஒரு வரி எழுதி வைத்திருக்கிறான். 'வேறுபடுத்துக' என்பதற்கு அவன் எழுதியிருந்தது: 'ரெண்டும் எதுல எதுல ஒத்துப்போவாது'. பாடம் நடக்கும் முன்பே புதிய சொற்களை ஒருமுறை சொல்லிக் கொடுத்துவிடுகிறார். இவற்றைவிடக் கடினமான பாடம் ஒன்று இருக்கிறது. புரியாதபோது 'புரியல' என்று சொல்வது. எட்டு வருடம் தலையை ஆட்டியே தப்பித்துப் பழகியவன். அந்த ஒரு சொல்லை நூலக மூலையில் மூன்று வாரமாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பயிற்றுநர் வேண்டுமென்றே நீளமாக ஏதாவது சொல்வார். அவன் இடைமறித்து, "மிஸ், புரியல, இன்னொரு தடவ சொல்லுங்க" என்று சொல்ல வேண்டும். முதல் வாரம் உதடு மட்டும் அசைந்ததாம்.

அடுத்த பாடவேளை சமூக அறிவியல். ஆசிரியரிடம் சொல்லிவிட்டு நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். வரைபடப் பாடம். "அட்லஸ எடுத்து, போன வாரம் பாத்த ஆறுகள்ல கிழக்கு நோக்கி ஓடறத மட்டும் குறிச்சு, பக்கத்துல அது பிறக்கற இடத்த எழுதுங்க" என்றார் ஆசிரியர். நாற்பது தலைகள் குனிந்தன. ஒரு தலை குனியவில்லை. அவன் பக்கத்துப் பையனின் நோட்டை எட்டிப் பார்த்தான். பிறகு பேனா மூடியைத் திறந்தான், மூடினான்.

கை பாதிதான் உயர்ந்தது. தோளுக்கு மேல் போகவில்லை.

"சார், புரியல."

யாரோ முன்வரிசையில் களுக்கென்று சிரித்தார்கள். ஆசிரியர் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. சாக்பீஸை எடுத்துப் பலகையில் ஒன்று என்று எழுதினார். "ஒண்ணு. அட்லஸ எடு." காத்திருந்தார். பையில் தேடி அட்லஸை எடுத்து மேசையில் வைத்தான். "ரெண்டு. கிழக்க ஓடற ஆறு எது எது, அதுல புள்ளி வை." அவன் விரலை மேற்குத் தொடர்ச்சி மலையில் வைத்து, தாமிரபரணி வழியாகக் கடல்வரை நகர்த்தினான். எனக்கு முன்னால் இருந்த இரண்டு பையன்கள் எழுதியதை அடித்துவிட்டுப் பலகையைப் பார்த்து மறுபடி தொடங்கினார்கள். ஆசிரியர் மூன்று என்று எழுதிக்கொண்டிருந்தார்.